ஒத்து ஊதுகிறவர்

ஐயா, வணக்கம்.

போன வாரம் யூடியூப் தானாக ஓட்டிய ஒரு இசைத் துண்டைக் கேட்டேன். ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே நிஜத் திமிங்கிலங்கள் பாடுகின்றன. ஆலன் ஹோவானெஸ் என்பவருடையது. தேடிப் பார்த்தால் "ஆர்மீனிய மரபின் இசைமேதை" என்று போட்டிருக்கிறது. ஆனால் ஆள் அமெரிக்காவில் பிறந்தவர், அம்மா ஸ்காட்லாந்து வம்சம், ஆர்மீனியாவுக்குப் போனதே ஐம்பது வயதைத் தாண்டித்தான். நம்மூர் ராகங்களையும் விட்டுவைக்கவில்லை போல. 67 சிம்பொனி! நான் கேட்ட நாலைந்தும் ஒரே மாதிரி இருந்தன. போகிற இடமெல்லாம் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டவர் என்றே படுகிறது. இதில் ஆர்மீனியா எங்கே இருக்கிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

திமிங்கிலத்தில் தொடங்கினால் அப்படித்தான் படும். 1970இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதியது அது. பதிவு செய்த கூனல் திமிங்கிலக் குரல்களை வாத்தியங்களோடு ஒலிக்கவிட்டார், ஊரெல்லாம் பேசியது. மோசமில்லை, ஆனால் அவருடைய வீட்டு வாசல் அதுவல்ல.

வீடு என்று பார்த்தால், 1911இல் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில் பிறந்தபோது அவர் பெயர் ஆலன் வானெஸ் சக்மக்ஜியான். அப்பா ஹாருத்யூன் துருக்கியின் அதானா ஊர்க்காரர், டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஆங்கில-ஆர்மீனிய அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் கூட. வீட்டில் அகராதி போட்ட மனிதர் இருந்தும் பையன் வளர்ந்தது அமெரிக்கப் பையனாக. ஆர்மீனியர்களை சோமர்வில்லில் ஒரு மாதிரியாக நடத்தினார்கள், அதனால்தான் அம்மா பிடிவாதமாகக் குடும்பத்தை ஆர்லிங்டனுக்கு மாற்றினார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. 1930இல் அம்மா இறந்த பிறகே தாத்தாவின் பெயரான ஹோவானெஸை அவர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1940இல் பாஸ்டன் பக்கத்து வாட்டர்டவுனில் உள்ள புனித ஜேம்ஸ் ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். 29 வயது. அங்கே பாடப்பட்ட பழைய வழிபாட்டுப் பாடல்களையும் கோமிதாஸின் இசையையும் உட்கார்ந்து படித்தார். ஆக, நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி. அது அவருக்குப் பிதிரார்ஜிதமாகக் கைக்கு வரவில்லை, தேடிப்போய்க் கற்றுக்கொண்டதுதான். அதனால் அது கடன் வாங்கியது ஆகிவிடுமா என்பதில்தான் நமக்குள் தகராறு.

கோமிதாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1869இல் துருக்கியின் குத்தாஹியாவில் பிறந்த அநாதைப் பையன். 1881இல் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் மடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது அவனுக்கு ஆர்மீனிய மொழி தெரியாது, வீட்டில் பேசியது துருக்கி. ஆனால் ஆர்மீனியத்தில் பாடத் தெரியும். பாடினான், சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பையன்தான் பிற்பாடு கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டார் பாடல்களை எழுதி எடுத்தார். ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கிய 1915 ஏப்ரல் 24 இரவில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கைது செய்யப்பட்டார், நாடுகடத்தப்பட்டார். திரும்பி வந்தவருக்கு மனம் உடைந்துபோயிற்று. 1935இல் பாரிஸ் பக்கத்து மனநல மருத்துவமனையில் இறந்தார். ஆர்மீனிய இசைக்கே மூலவர் என்று சொல்லப்படுபவரும் மொழியைப் பிறகுதான் கற்றார் என்னும்போது, பாஸ்டன்காரரை மட்டும் வாசலில் நிறுத்திப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, கற்றது என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆர்மீனியர்களின் துதுக் என்ற ஊதுகுழலை இரண்டு பேராக வாசிப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார். இன்னொருவர் ஒரே ஒரு ஸ்வரத்தை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். அந்த ஸ்வரத்துக்கு அங்கே 'தம்' என்று பெயர். தேவாலயப் பாட்டிலும் இதே ஏற்பாடுதான். கோயில் திருவிழாவில் நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப ஒத்து ஊதிக்கொண்டு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஆள். அவர் நிறுத்திவிட்டால் கச்சேரி கீழே விழுந்துவிடும். ஹோவானெஸ் பிடித்துக்கொண்டது இந்த ஆளைத்தான். ஐரோப்பிய ஹார்மனி, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை மாற்றி மாற்றி இசையை நகர்த்தும். இவர் கீழே ஒன்றை நிற்க வைத்துவிட்டு மேலே ஒரு வரியை நடக்கவிட்டார்.

1944இல் எழுதிய 'லூசாத்சாக்'கைக் கேளுங்கள். ஒளியின் வருகை என்று பொருள். பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமானது. பியானோக்காரருக்குப் பத்து விரல் இருப்பதையே மறந்து எழுதிய மாதிரி, பெரும்பாலும் ஒற்றை வரிதான். அதிலும் ஒரே ஸ்வரத்தைத் தட்டித் தட்டி நீட்டுவார். கானூன் வாசிப்பவரின் பழக்கம் இது (கானூன் நம் ஸ்வரமண்டல் ஜாதி). தந்தியைப் பறித்தால் ஓசை சீக்கிரம் செத்துவிடும், உயிரோடு வைத்திருக்க மறுபடி மறுபடி பறிக்க வேண்டும். பியானோவில் பெடல் இருக்கிறது, அந்தத் தேவையே இல்லை. இருந்தும் தட்டுகிறார். ஓரிடத்தில் தந்திக்காரர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த சின்னத் துண்டைத் தங்கள் இஷ்ட வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். சேர்ந்து கேட்டால் கூட்டுப் பிரார்த்தனையின் முணுமுணுப்பு. 1945இல் நியூயார்க்கில் இதை வாசித்தபோது அமெரிக்க இசையமைப்பாளர்கள் ஜான் கேஜும் லூ ஹாரிசனும் அரங்கில் இருந்தார்கள். இசையைத் தற்செயலிடம் விடும் யோசனை கேஜின் பெயரோடு பிரபலமாவதற்குச் சில வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு அவமானமும் உண்டு. 1942இல் டாங்கிள்வுட் கோடைக்கால இசை முகாமில் இவருடைய சிம்பொனிப் பதிவைப் போட்டபோது, பேர்பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமாக ஸ்பானிஷில் அரட்டை அடித்தாராம். முடிந்ததும், பின்னாளில் பெரிய இசை நடத்துநரான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் கேலியாக வாசித்துக்காட்டி, மலிவான சேரி இசை என்றாராம். ஹோவானெஸே பிற்பாடு சொன்ன கதை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். பழைய கையெழுத்துப் பிரதிகளில் நிறைய எரித்தார். எத்தனை என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. தாங்கிக்கொண்டு எழுதியதுதான் லூசாத்சாக்.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். 1959இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தார். மியூசிக் அகாடமி விழாவில் கலந்துகொண்டார், வீணை கற்றார், ராகங்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். நாகூர் தர்காவுக்குப் போய்வந்து 'நாகூரான்' என்று ஒரு படைப்பு. அதைச் சென்னை வானொலியின் தென்னிந்திய வாத்தியக் குழு வாசித்து 1960 பிப்ரவரியில் ஒலிபரப்பானது. இதை அள்ளிப் போட்டுக்கொண்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1936இலேயே பாஸ்டனில் நடனக் கலைஞர் உதய சங்கரின் குழு வாசித்ததைக் கேட்டு மயங்கியவர். பிறகு வாட்டர்டவுனில் அந்தத் 'தம்' ஸ்வரத்தைக் காதில் ஏற்றிக்கொண்டவருக்குத் தம்புரா அந்நியமாகவா இருந்திருக்கும்? (ஆர்மீனியரும் சென்னைக்கு அந்நியரில்லை. ஜார்ஜ் டவுனின் அரண்மனைக்காரன் தெரு 'ஆர்மீனியன்' மருவியதுதான். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் அச்சானதும் சென்னையில்தான்.)

ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதில் உங்களோடு பாதி தூரம் வருவேன். மனிதர் வேகமாக எழுதினார். 2000இல் சியாட்டிலில் இறக்கும்வரை சேர்ந்த படைப்புகளின் எண்ணிக்கை நானூறுக்கு மேல். பிற்காலச் சிம்பொனிகள் பலவற்றில் அதே பிரார்த்தனை நடை, அதே ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் வடிவம்), நான் பாதியில் எழுந்து காபி போடப் போய்விடுவேன். 1955இல் வந்த 'மர்ம மலை' சிம்பொனியைச் சேர்த்துக்கொண்டு, நாற்பதுகளின் ஹோவானெஸ் எனக்குப் போதும்.

லூசாத்சாக் இருபது நிமிடத்துக்குள்தான். ஹெட்போனில், மேலே ஓடும் பியானோவை விட்டுவிட்டு அடியில் அசையாமல் நிற்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் ஆர்மீனியா எங்கே என்று தோன்றினால் மறுபடி சண்டை போடலாம்.

அன்புடன்.