கார் வந்துவிட்டது, ஆர்.சி. வரவில்லை

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தால், முந்தைய உரிமையாளரின் வங்கிக் கடன் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இன்னும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டாராம். கடன் கொடுத்த வங்கியோ இப்போது வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. போதாக்குறைக்கு, நான் வாங்குவதற்கு முந்தைய தேதியில் ஒரு போக்குவரத்து அபராதச் சலானும் நிற்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: நீங்கள் கேட்காததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கவலை அதில்தான். இன்ஷூரன்ஸ் யார் பெயரில் இருக்கிறது? கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காருக்கே அடிபட்டால் கிடைக்கும் பணம் அப்படி வராது, அதற்கு 14 நாளுக்குள் நீங்கள்தான் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையா, ஆர்.சி. மாறட்டும் என்று காத்திருக்காமல், விற்பனை ரசீதையும் பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்தான 29, 30 படிவ நகல்களையும் வைத்து இன்றே எழுதுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) அவருக்கே சொந்தம் என்பதால் வித்தியாசத் தொகை கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.

சரி, கடன். கட்டி முடித்ததும் ஆர்.சி.யில் அது தானாக அழிந்துவிடாது, பலர் ஏமாறுவது இங்கேதான். வங்கியின் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35 கொடுத்து நீக்கச் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் வங்கியும் பதிவில் உள்ள உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும், அதாவது நீங்கள் அல்ல, விற்றவர். ஆன்லைனில் செய்தாலும் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும் வாய்ப்பு அதிகம், அதனால் அவரோடு சண்டை போட இது நேரமில்லை, கூடவே அழைத்துப் போங்கள். வங்கி இணைந்துவிட்டது என்பதற்காகக் கலங்க வேண்டாம். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன, அந்தப் பழைய கடன்களுக்கெல்லாம் இப்போது பதில் சொல்ல வேண்டியது புதிய வங்கிதான். பழைய வங்கி பெயரில் இருந்த கடன் இன்ன தேதியில் முடிந்தது என்று கடன் எண்ணையும் வண்டி எண்ணையும் குறிப்பிட்டு ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போதே எஞ்சின் எண், சேஸிஸ் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், ஒன்று பிசகினாலும் மறுபடி அலைச்சல்தான்.

சலானில் தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கும். கார் கைமாறியபோது எழுதிய டெலிவரி கடிதத்தில் நேரமும் போட்டிருந்தால் வேலை சுலபம், விற்றவரிடம் காட்டி அவரையே கட்டச் சொல்லுங்கள். அப்புறம், திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 50-வது பிரிவு, தாமதம் எதனால் என்று கேட்டால் காட்ட அதுதான் உங்களிடம் இருக்கும் சான்று.

கேள்வி: நான் விற்ற காரை வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. சலான் எல்லாம் எனக்கு வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விடவே கூடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். பல கை மாறிய கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அவர் எப்போதோ விற்றிருந்தும். விற்றதை 14 நாளுக்குள் தெரிவிப்பது உங்கள் கடமை. தாமதமானாலும் பரவாயில்லை, படிவம் 29-ஐயும் டெலிவரி கடித நகலையும் ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள், வாங்கியவருக்கும் ஒரு நகல் போகட்டும். அவர் போனையே எடுக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.