மலையில் படம் எடுப்பவருக்கு எந்த எடிட்டிங் மென்பொருள் சரிவரும்?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் காலை மூடுபனியில் ஒரே நாளில் 400 ரா படங்கள் (RAW, கேமரா பதிந்த மூலத் தரவு அப்படியே இருக்கும் கோப்புகள்) எடுக்கிறேன், லைட்ரூமா போட்டோஷாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். 400-இல் 30-ஐப் பொறுக்குவதுதான் பெரிய வேலை என்றால் லைட்ரூம் கிளாசிக்தான். ஒரு படத்தில் வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறச் சாயலைச் சீராக்குவது) சரிசெய்து, அதையே அடுத்த ஐம்பதுக்கும் ஒரே சொடுக்கில் ஏற்றிவிடலாம்; மூல ரா கோப்பு அப்படியே இருக்கும். சந்தா கட்டுவது பாரம் என்றால் லைட்ரூம் போலவே வேலை செய்யும் டார்க்டேபிள் இருக்கிறது, முழுக்க இலவசம். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், ஆனால் நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன். போட்டோஷாப், அதற்கு இலவச மாற்றான கிம்ப் எல்லாம் குறுக்கே வந்த மின்கம்பியை அழிப்பது போன்ற ஒற்றைப்பட வேலைக்கு.

அப்புறம் மூடுபனி. லைட்ரூமில் படத்தின் மங்கலை விலக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தாராளமாக இழுக்காதீர்கள். நிழல் கறுத்து, நிறம் அடர்ந்து, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்த அந்தப் பனியே காணாமல் போய்விடும். அதற்காகத்தானே விடியலில் எழுந்து போனீர்கள்! தூரத்து மலைமுகட்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டு லேசாகக் கொடுங்கள்.

ஒரே 50 படங்களை லைட்ரூம், டார்க்டேபிள் இரண்டிலும் திருத்திப் பார்த்து, கடிகாரத்தையும் பாருங்கள்.