உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளைப் பத்து வயதுக் குழந்தைக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். எந்தக் கதை என்பதை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

கடல்மட்டம் உயர்வது பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு "நம் வீடும் மூழ்கிவிடுமா?" என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் இப்படியொரு புத்தகம் பயத்தைக் கூட்டிவிடுமோ என்பது உங்கள் தயக்கம். பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2023 டிசம்பரில் தெருவில் படகு போனதைப் பார்த்த சென்னைக் குழந்தைக்கு வெள்ளம் கற்பனை அல்ல. அதைப் பற்றி நிதானமாகப் பேச ஓர் இடம்தான் இப்போது தேவை. நல்ல கதை அந்த இடத்தைத் தரும்.

எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு விடுமுறை நாட்களில் புத்தகம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். நான் கவனித்தவரை, நகரம் மூழ்குவதோ மின்சாரம் நின்றுபோவதோ அவர்களை அவ்வளவாக உலுக்குவதில்லை. கதையில் வரும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ செய்ய ஒன்றுமே இல்லை என்றால்தான் முகம் வாடிவிடுகிறது. அதனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்தக் குழந்தைக்கு உண்மையான வேலை ஏதாவது இருக்கிறதா?

முதலில் 2003-இல் வெளிவந்த ஜீன் டுப்ராவின் 'தி சிட்டி ஆஃப் எம்பர்' நாவலைச் சொல்வேன். எப்போதும் இருண்டிருக்கும் வானத்தின் கீழ், மின்விளக்குகளை மட்டுமே நம்பி வாழும் ஒரு நகரம். விளக்குகளை எரிய வைப்பது பழைய ஜெனரேட்டர் ஒன்று. அது அடிக்கடி நின்றுபோகிறது. கிடங்கில் பல்புகளும் டப்பா உணவும் தீர்ந்துகொண்டே வருகின்றன. நகரத்தைக் கட்டியவர்கள் வெளியேறும் வழியை எழுதி ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டி கைமாறுவது நின்றுபோய், எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். பிற்பாடு அந்தத் தாள் கிடைக்கும்போது, அதைக் கைக்குழந்தை ஒன்று மென்று கிழித்திருக்கிறது!

பன்னிரண்டு வயதில் பள்ளி முடிந்ததும் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் குலுக்கலில் வேலை கிடைக்கும். ஜெனரேட்டருக்கு அருகில் போக வேண்டும் என்பதற்காகவே டூன் என்ற சிறுவன் தன் வேலையை லீனா என்ற சிறுமியோடு மாற்றிக்கொண்டு, நிலத்தடிக் குழாய்ப் பணிக்குப் போகிறான். அதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிப் போனவன், நேரில் பார்த்ததும் திகைத்துப்போகிறான். அதை ஓட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கே அது முழுதாகப் புரியவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். நம் வீட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, மோட்டார் நின்றால் யார் வருவார்கள், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். இன்னொரு நுட்பமும் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஊரில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்கே கிடையாது. டார்ச் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அதனால் நகர எல்லைக்கு அப்பால் உள்ள இருட்டுக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியவில்லை. ஒரு சிறிய கருவி இல்லாமல்போனால் மனிதர்கள் எவ்வளவு தூரம் யோசிக்கிறார்கள் என்பதே குறுகிவிடும் என்பதை விளக்கவுரை எதுவும் இல்லாமல் இந்த நாவல் காட்டுகிறது.

எம்பர் நகரம் பருவநிலை மாற்றத்தால் உருவானதல்ல. அந்தக் கேள்விக்கு நேராகப் போக, மார்கஸ் செட்ஜ்விக் 2000-இல் எழுதிய 'ஃப்ளட்லேண்ட்' பொருத்தமானது. கடல் உயர்ந்து, இங்கிலாந்தின் நாரிச் நகரம் தீவாகிவிட்டது. பெற்றோரைப் பிரிந்த ஸோயி என்ற சிறுமி, தான் கண்டெடுத்த சின்னப் படகில் தனியே துடுப்பு போட்டுக் கிளம்புகிறாள். அவள் போய்ச் சேரும் தீவு, ஈலி என்ற நிஜ ஊர். சிறுவர்கள் கூட்டமாக முரட்டுத்தனம் செய்யும் பகுதிகள் அதில் உண்டு. நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

அந்த வட்டாரத்தின் உண்மை வரலாற்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். கதைக்கு நிகரான சுவை அதில் இருக்கிறது. ஈலி முன்பு சதுப்புநிலத்தின் நடுவே மேடாக நின்ற ஊர். பதினேழாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்து, சுற்றியிருந்த சதுப்பை விளைநிலமாக்கத் தொடங்கினார்கள். மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த மண் அது. காயக் காயச் சுருங்கி, கரியமில வாயுவை வெளியிட்டது. நிலம் தாழ்ந்தது. தண்ணீரை இறைக்கக் காற்றாலை வைத்தார்கள். அது போதாமல் நீராவி எஞ்சின், பிறகு டீசல், மின்சாரம் என்று பம்புகள் வந்தன. 1851-இல் ஹோம் ஃபென் என்ற இடத்தில் மண்மட்டத்துக்குச் சமமாகப் புதைத்த இரும்புத் தூண், இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அங்கே நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தைவிட இந்தத் தூணின் படத்தைக் காட்டுவது பயனுள்ளது. இயந்திரத்தை அரக்கனாக்கி, கடைசியில் உடைத்தெறிந்து முடியும் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு அவை கோபத்தைத் தரும், விளக்கத்தைத் தராது.

கடல் ஊரை விழுங்குவது நமக்கும் பழைய கதைதானே? இந்திர விழாவைக் கைவிட்டதால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. அங்கே தெய்வத்தின் கோபம் காரணமாகிறது. இந்தப் புதிய கதைகளில் யாரும் சபிப்பதில்லை. மனிதர்கள் செய்தது ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் அந்த வேறுபாட்டைத் தாங்களே பிடித்துவிடுவார்கள்.

படம் பார்ப்பதானால் 2008-இல் வந்த 'வால்-ஈ' போதும். பூமியைப் பார்த்தே இராத விண்கப்பல் தலைவன், மண் என்றால் என்ன, கடல் என்றால் என்ன என்று கணினியிடம் ஆசையாகக் கேட்டுக்கொண்டே போகும் காட்சியில் நிறுத்திப் பேசுங்கள். குழந்தைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக் கதைகள் இந்த வயதுக்கு வேண்டாம்.

எம்பரில் தொடங்குங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் நீங்கள் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். இடையில் அவள் "இப்படி நடக்குமா?" என்று கேட்டால், "அதெல்லாம் நடக்காது" என்று மூடிவிடாதீர்கள். எது நடக்கிறது, எதைத் தடுக்க யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.