குளோன் செய்த மைஎஸ்கியூஎல் சர்வர் ரெப்ளிகாவாக ஓட மறுக்கிறது. ஐபி தவிர வேறென்ன மாற்ற வேண்டும்?

சர்வரின் விர்ச்சுவல் மெஷினை அப்படியே குளோன் செய்து, ஐபி முகவரியையும் ஹோஸ்ட் பெயரையும் மாற்றி, அதை ரெப்ளிகாவாக (மூல சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகலாக) இணைத்திருக்கிறீர்கள். இரண்டு சர்வருக்கும் ஒரே யூயூஐடி (சர்வரின் தனி அடையாளம்) என்று சொல்லி நின்றுவிடுகிறது. இதற்கு எல்லாரும் சொல்லும் பதில்: மைஎஸ்கியூஎல்லை நிறுத்துங்கள், தரவுக் கோப்புறையில் இருக்கும் ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை அழியுங்கள், மறுபடி தொடங்குங்கள். புதிய யூயூஐடி தானாக உருவாகிவிடும். 5.6 பதிப்பிலிருந்து இதுதான் வழி, சரியான பதிலும்கூட. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு இணைத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குளோன் முதன்முதலாக எழுந்த நேரத்திலிருந்து இந்த நிமிடம் வரை அது தானாக எதையாவது எழுதியிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். பாதிக்கு மேல் கடன் கணக்கு. கணக்குப் பிரிவு மாத அறிக்கை எடுக்கும்போதெல்லாம் பில் போடுவது திணறியது. அறிக்கைகளை ரெப்ளிகாவுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு இரவு மெஷினை நிறுத்தி, குளோன் எடுத்து, ஐபி மாற்றி, இரண்டையும் எழுப்பிவிட்டேன். மறுநாள் மதியம் இணைத்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போய்விட்டேன்.

பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) அந்த மெஷினில் இருந்தது. குளோனிலும் இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டும் வேலை செய்தன. 43 பேருக்கு இரண்டிரண்டு செய்தி போயிற்று. உசிலம்பட்டிக் கடைக்காரர் ஒருவர் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, “ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கிற அளவுக்கா என் நாணயம் கெட்டுப்போய்விட்டது?” என்று கேட்டிருக்கிறார். முதலாளி என்னைத் திட்டவில்லை. “தம்பி, கடன் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு நான் கூசிப்போனேன்.

குளோனில் கிரானை நிறுத்தினேன். சிக்கல் அதோடு தீர்ந்தது என்று நம்பி, மதியம் ஆட்டோ.சிஎன்எஃப்பை அழித்து, சர்வர் ஐடியை (அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் கொடுக்கும் எண்ணை) மாற்றி, ஜிடிஐடி முறையில் (கீழே விளக்குகிறேன்), எங்கிருந்து தொடர்வது என்பதை ரெப்ளிகாவே கண்டுகொள்ளும் தானியங்கி நிலை கொடுத்து இணைத்தேன். மாற்றங்களை வாங்கும் திரெட், அவற்றைச் செயல்படுத்தும் திரெட் இரண்டும் ஓடுவதாகக் காட்டின. பின்னடைவு பூஜ்யம். வியாழக்கிழமை 1032 என்ற பிழையோடு ரெப்ளிகேஷன் நின்றது: மாற்ற வேண்டிய வரி ரெப்ளிகாவில் இல்லை. திங்கட்கிழமை போட்ட ஒரு பில்லுக்குப் பணம் வரவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பில் ரெப்ளிகாவுக்கு வந்து சேரவே இல்லை. எண்ணிப் பார்த்தால் திங்கள் காலை முதலில் போட்ட 43 பில்களும் இல்லை. 43 என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஜிடிஐடி என்பது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சர்வர் கொடுக்கும் முத்திரை: அந்த சர்வரின் யூயூஐடி, அதன்பின் ஒரு வரிசை எண். ஒரு முத்திரையைத் தான் ஏற்கெனவே செயல்படுத்திவிட்டதாகக் கருதினால், அதே முத்திரையோடு வருவதை ரெப்ளிகா சத்தமின்றித் தள்ளிவிடும். பிழை காட்டாது. என் குளோன் பழைய யூயூஐடியோடு எழுந்ததா, ஒவ்வொரு செய்திக்கும் ‘கடைசியாக நினைவூட்டிய நாள்’ என்ற கட்டத்தை மாற்றி 43 பரிவர்த்தனைகளை எழுதியதா, அவற்றுக்கு மூல சர்வரின் பெயரிலேயே அடுத்த 43 எண்களைப் போட்டுக்கொண்டது. அதே எண்களை மூல சர்வர் காலை ஏழு மணியிலிருந்து வெளியூர் வண்டிகளுக்குப் போட்ட பில்களுக்குக் கொடுத்திருந்தது. மதியம் இணைத்தபோது, ‘இந்த 43 என்னிடம் இருக்கின்றனவே’ என்று ரெப்ளிகா அந்தப் பில்களை வாங்கவே இல்லை. அதற்குப் பிறகு யூயூஐடியை மாற்றி என்ன பயன்? பழைய பெயரில் எழுதியது எழுதியதாகவே இருக்கிறது.

ஜிடிஐடி இல்லாமல், பைனரி லாக் (சர்வர் தன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கோப்பு) பெயரும் அதில் நிலை எண்ணும் கொடுத்து இணைப்பவர்களுக்கு இப்படிப் பில்கள் விடுபடாது. ஆனாலும் குளோன் தானாக எழுதிய மாற்றங்கள் அங்கேயே தங்கி, இரண்டு தரவுத்தளமும் வேறுவேறாகிவிடும்.

உங்கள் குளோனில் இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய பைனரி லாக் கோப்பைத் தொடங்கும். அதன் தலைப்பில் அதுவரை முடிந்த ஜிடிஐடிகளின் பட்டியல் இருக்கும். குளோன் முதன்முதலில் எழுந்த நேரத்துக் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை, மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவியால் திறந்து பாருங்கள். தலைப்புக்குக் கீழே ஒரு பரிவர்த்தனைகூட இல்லையென்றால் ஆட்டோ.சிஎன்எஃப்பை அழித்துவிட்டுத் தைரியமாக இணைக்கலாம். ஒன்றே ஒன்று இருந்தாலும், அந்தக் குளோனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். ஒட்டுப் போட்டுச் சரிசெய்யும் வழிகள் உண்டு. பணக் கணக்கு இருக்கும் தரவில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடி எடுத்த விதத்தைச் சொல்கிறேன். நிறுத்துவதற்கு முன் மூல சர்வரின் ‘ஜிடிஐடி எக்ஸிக்யூட்டட்’ மதிப்பைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். குளோனின் நெட்வொர்க் கார்டைத் துண்டித்த நிலையிலேயே அதை முதலில் எழுப்பினேன். மைஎஸ்கியூஎல் தானாகத் தொடங்காதபடி மூலத்திலேயே முடக்கி வைத்துவிட்டு, குளோன் எடுத்தபின் அங்கே பழையபடி மாற்றிக்கொண்டேன். குளோனில் கிரானை வெறுமையாக்கி, செய்தி அனுப்பும் நிரலை நீக்கி, ஆட்டோ.சிஎன்எஃப்பை அழித்தேன். அமைப்புக் கோப்பில் புதிய சர்வர் ஐடி, ஈவென்ட் ஷெட்யூலர் (மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே நேரம் வைத்து வேலைகளை ஓட்டுவது) ஆஃப், சூப்பர் ரீட் ஒன்லி (யாரும் நேரடியாக எழுத முடியாதபடி தடுப்பது) ஆன். 8.0 பதிப்பில் ஈவென்ட் ஷெட்யூலர் இயல்பாகவே ஆன் நிலையில் இருப்பதை மறக்க வேண்டாம். இவ்வளவும் ஆனபிறகுதான் மைஎஸ்கியூஎல்லைத் தொடங்கி, காகிதத்தில் இருந்த மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. பிறகு நெட்வொர்க்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஐடியும் (லினக்ஸ் ஒவ்வொரு மெஷினுக்கும் வைத்திருக்கும் அடையாளம்) இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். உபுண்டுவில் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி) மாறியும் இரண்டு மெஷினுக்கும் டிஹெச்சிபி (ஐபியைத் தானாக வழங்கும் சேவை) ஒரே ஐபியைக் கொடுத்தால் அதுதான் காரணம். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்குங்கள். குளோனுக்கு நினைவகம் குறைவாகக் கொடுத்திருந்தால் பஃபர் பூல் (மைஎஸ்கியூஎல் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி) அளவைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இயங்குதளமே மைஎஸ்கியூஎல்லைக் கொன்றுவிடும். நீங்கள் குளோன் செய்தது ஏற்கெனவே ஒரு ரெப்ளிகா என்றால், ரிலே லாக் (மூலத்திலிருந்து வாங்கிய மாற்றங்களைச் சேமிக்கும்) கோப்புகளின் பெயரில் பழைய ஹோஸ்ட் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்; பெயர் மாறியதும் அவற்றைத் திறக்க முடியாமல் நிற்கும்.

ஜிடிஐடி பயன்படுத்துகிறீர்களா, குளோன் எடுத்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. முதல் பைனரி லாக்கில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை குளோனின் நெட்வொர்க்கைத் துண்டித்தே வையுங்கள்.