அப்பா கண் திறக்கிறார், பதில் இல்லை: இ.இ.ஜி. அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் அப்பா (வயது 58) மூன்று மாதமாகக் கண் திறந்தபடி படுத்திருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்ததில் 'அலைகள் பரவலாக மந்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். இனி நினைவு திரும்பாதா? ஸ்டெம் செல் ஊசி போட்டால் அலை சரியாகிவிடும் என்று ஒருவர் ஆறு லட்சம் கேட்கிறார்.

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். மந்தமான அலை என்றால் மூளை அடிபட்டிருக்கிறது என்று பொருள். அது உங்களுக்கு முன்பே தெரியும். உள்ளுக்குள் உணர்வு இருக்கிறதா என்பதை அரைமணி நேரச் சாதாரணப் பதிவு சொல்லாது.

முதலில், பதிவு எடுத்த அன்று அப்பாவுக்கு என்ன மருந்துகள் போனது என்று கேளுங்கள். மிடாசோலம், பினோபார்பிடோன் போன்ற தூக்க, வலிப்பு மருந்துகள் நல்ல மூளையின் அலைகளையே மாற்றிவிடும். மருந்தின் பெயரையும் கொடுத்த நேரத்தையும் அறிக்கையில் எழுதுவது அடிப்படை வேலை. எத்தனையோ அறிக்கைகளில் அந்த இடம் வெறுமையாகவே வருகிறது. அந்த வெற்றிடத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்திடம் 'நம்பிக்கை இல்லை' என்று சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

'கையை மடக்குங்கள்' என்று சொல்லிக்கொண்டே அலைகளைப் பதிந்து, கணினியில் அலசும் முறை ஒன்று இருக்கிறது. சொன்னதற்கு அசையாத 104 பேரை அமெரிக்காவில் இப்படிச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். 16 பேரின் மூளை கட்டளைக்கு இசைந்திருந்தது. ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களின் வேலை. இதைப்போன்ற ஒரு சோதனையில் ஆரோக்கியமான 12 பேரில் மூவரிடம்கூட அடையாளம் தெரியவில்லை. அதனால் 'இல்லை' என்று வந்தாலும் அது தீர்ப்பு ஆகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் இ.இ.ஜி.க்கு மாற்றே கிடையாது: கை கால் வெட்டி இழுக்காமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பு. இமை துடிப்பது, வாயோரம் இழுப்பது, பார்வை ஒரே பக்கம் போய் நிற்பது, நேற்று இருந்த தெளிவு இன்று இல்லாமல் போவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் நியூராலஜிஸ்டிடம் சொல்லுங்கள். வெளியே ஒன்றுமே தெரியாமலும் இது ஓடலாம். அரைமணிப் பதிவில் தப்பிவிடும் என்பதால் 24 மணி நேரப் பதிவு கேளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய வலிப்பு இது. அடங்கியதும் சிலருக்கு விழிப்பு கூடும். விட்டுவிடாமல் கேளுங்கள்.

மற்றபடி, பலமுறை படுக்கையருகே பார்ப்பதுதான் பெரிய சோதனை. பெல்ஜியத்தில் உணர்வே இல்லை என்று முடிவு செய்யப்பட்ட 44 பேரை முறையான அளவுகோலால் மறுபடி சோதித்தபோது, 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. 2009-ல் வெளியான ஆய்வு அது. காலையில் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். கண் அதைத் தொடர்கிறதா என்று போனில் வீடியோ எடுத்து, தேதியோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த ஸ்டெம் செல் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல் சிகிச்சை, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்தது என்று இரண்டு இ.இ.ஜி. தாள்களைக் காட்டுவார்கள். நடுவில் தூக்க மருந்தைக் குறைத்திருந்தாலே, தூக்கத்தில் ஒன்றும் விழிப்பில் ஒன்றும் எடுத்திருந்தாலே, அலை மாறிவிடும். அந்தப் பணம் பிசியோதெரபிக்கும், படுக்கைப்புண் வராமல் பார்க்கும் நல்ல நர்ஸுக்கும் போகட்டும். அடுத்த பதிவுக்குப் போகும்போது மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோய், அறிக்கையில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.