மூன்றாவது ரவுண்டில் கை ஏன் இறங்குகிறது? ஸ்பிரிண்ட், இன்டர்வல் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

வட சென்னையில் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கிறேன். 'தம்' பத்தவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஸ்பிரிண்ட் என்றால் குறுகிய தூரத்தை முழு வேகத்தில் ஓடுவது. இன்டர்வல் என்றால் வேகமாக ஓடி, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி ஓடுவது.

மாஸ்டர், தினமும் காலையில் 6 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனாலும் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் தம் போய்விடுகிறது. எங்கே தப்பு? (புளியந்தோப்பு, 19 வயது)

தம்பி, நீ ஓடியது வீண் இல்லை. ஆனால் ஒரே சீராக ஓடினால் உடம்பு அந்த ஒரு வேகத்துக்குத்தான் பழகும். ரிங்கில் நடப்பது வேறு. நாலைந்து வினாடி குத்து மழை, கொஞ்சம் விலகல், அப்புறம் மறுபடி பாய்ச்சல். முதல் பத்து வினாடி வேகத்துக்குத் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற சரக்கு கையிருப்பில் இருக்கிறது. அது தீர்ந்ததும், ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திருக்காமல் தசை சர்க்கரையை அவசரமாகச் செலவழிக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் கை கனக்கிறது.

அந்தச் சரக்கு பாதி அளவு திரும்ப ஏறவே அரை நிமிடம் பிடிக்கும். முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். உனக்கு ரவுண்டுக்கு நடுவில் கிடைப்பதோ ஒரே நிமிடம். நிரப்புகிற வேலையைச் செய்வது ஆக்சிஜன்தான், அதனால் நீள ஓட்டத்தை விட்டுவிடாதே, வாரம் இரண்டு நாள் இருக்கட்டும். மற்ற நாட்களில் இரண்டை இன்டர்வலுக்குக் கொடு.

என்னிடம் ஒரு பையன் இருந்தான், தினமும் 10 கிலோமீட்டர் ஓடுவான். ஒரு போட்டியில் இரண்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தேன், குடிக்க முடியவில்லை. மூச்சு விடவே அவனுக்கு வாய் வேண்டியிருந்தது. பெல் அடித்து எழுந்தபோது வலது கை தாடைக்கு நாலு விரல் கீழே தொங்கியது. அன்றைக்குத்தான் அவனுக்கு ஓடத் தெரிகிறது, மீளத் தெரியவில்லை என்று எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் அவன் ஓடும் தூரத்தைக் குறைத்தேன், நடுவில் விடும் இடைவெளியைக் கணக்குப் பார்த்து வைத்தேன்.

எட்டு வாரத்தில் போட்டி. எப்படிப் பிரித்துக்கொள்வது அண்ணா? (மதுரை)

முதல் மூன்று வாரம் ரவுண்டு போலவே ஓடுங்கள். மூன்று நிமிடம் நல்ல வேகம், ஒரு நிமிடம் நடை. நாலு தடவையில் ஆரம்பித்து ஆறு வரை போகலாம். மூன்று நிமிடத்தில் 700, 800 மீட்டர் போனால் நல்ல ஓட்டம். அடுத்த மூன்று வாரம் 400 மீட்டர், ஆறு தடவை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. ஏழாவது வாரம் 60 முதல் 100 மீட்டர் ஸ்பிரிண்ட், எட்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாக மூச்சு வாங்கி. கடைசி வாரம் இரண்டு மூன்று ஸ்பிரிண்ட் போதும், போட்டிக்கு நாலு நாள் முன்பிலிருந்து அதுவும் வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம், ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். முதல் 400 ஐ 80 வினாடியில் ஓடிவிட்டு ஐந்தாவதை 95 இல் முடித்தால் முதலாவதை அளவு மீறி ஓடியிருக்கிறீர்கள். 84, 84, 85, 84 என்று வரவேண்டும். நாலைந்து வினாடி சரிந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும்வரை ஓடுவதை வீரம் என்று சொல்லிக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கடினமான ஸ்பாரிங்குக்கு முந்தைய நாள் ஸ்பிரிண்ட் வைக்காதீர்கள்.

டபாட்டா நாலே நிமிடம் போதும் என்கிறார்களே? (கோலாலம்பூர்)

இசுமி டபாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1996 இல் வெளியிட்டது. ஜப்பான் ஸ்பீடு ஸ்கேட்டிங் அணி செய்துவந்த பயிற்சியைத்தான் அவர் சோதித்தார். 20 வினாடி முழு வேகம், 10 வினாடி ஓய்வு, ஏழு எட்டு தடவை, அதுவும் நிலை சைக்கிளில். நிற்க முடியாமல் போகும் அளவுக்குக் கடுமை. அந்த ஆறு வாரத்திலும் வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் சீராக சைக்கிள் மிதிப்பதும் இருந்தது, அதை யாரும் சொல்வதில்லை. பேக் (தொங்கும் குத்துப் பை) அடித்து, ஸ்பாரிங் செய்கிற உங்களுக்கு வாரம் ஒரு தடவை மேல் வேண்டாம்.

மாஸ்டர், எங்கள் பக்கம் மைதானம் இல்லை. பெண் பிள்ளை விடியற்காலையில் ரோட்டில் ஓட வீட்டில் விடமாட்டார்கள். ஸ்கிப்பிங் கயிறு மட்டும் இருக்கிறது. (திருப்பூர், 18 வயது)

அது போதும்மா. 30 வினாடி முட்டியைத் தூக்கி வேகமாக, 30 வினாடி சும்மா குதித்து, மூன்று நிமிடம். ஒரு நிமிடம் உட்கார். இப்படி ஐந்து ரவுண்டு. மொட்டை மாடிக்குப் படிக்கட்டு இருந்தால் இன்னும் நல்லது, ஓடி ஏறி, நடந்து இறங்கு. இறங்கும்போது ஓடாதே, முழங்கால் போய்விடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இரண்டு நிமிடம் வீதம் நாலு ரவுண்டு. இப்போது ஆண்களைப் போலவே மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு. அதனால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டிய காரணமே இல்லை.

என் மகனுக்கு 12 வயது. ஸ்பிரிண்ட் டைம்டேபிள் கொடுங்கள் சார். (வேலூர்)

வேண்டாம்மா. ஓடிப்பிடித்து, கபடி, ஃபுட்பால் ஆடட்டும். கபடியே ஒரு நல்ல இன்டர்வல்தான்.

34 வயது. முதல் நாளே முழு வேகத்தில் ஓடினேன், பின்தொடையில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. (கோவை)

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தாலோ, நடக்கவே வலித்தாலோ பிசியோவிடம் காட்டுங்கள். சரியான பிறகு சமதரையில் ஆரம்பிக்காதீர்கள். மேட்டில் ஏறி ஓடும்போது காலை அகல எட்டி வைக்க வராது, பின்தொடை அவ்வளவு இழுபடாது, வேகம் குறைந்தாலும் நெஞ்சுக்கு வேலை அதேதான். கால் மணி நேரம் வார்ம் அப், அப்புறம் முதல் இரண்டு வாரம் முக்கால் வேகம்.

எடை இறக்க ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்பிரிண்ட் அடிக்கலாமா? (எண்ணூர்)

தயவுசெய்து வேண்டாம். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வேர்க்க வைத்து எடை இறக்கும்போது செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் வேர்க்க வைக்கும் ரப்பர் உடையைத் தடை செய்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயவே காயாது, ஆபத்து இன்னும் அதிகம். எடை இறங்கவில்லை என்றால் மேல் பிரிவில் ஆடு தம்பி.

தம் கூடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது மாஸ்டர்? (மறுபடியும் புளியந்தோப்பு)

மூன்று நிமிடம் பேக் அடி. பெல் அடித்ததும் கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணு. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணு. முதல் எண் 45, இரண்டாவது 38 என்று வைத்துக்கொள். ஆறு வாரம் போன பிறகு அதே 45 க்கு இரண்டாவது எண் 32 க்கு வந்திருந்தால் பயிற்சி பிடித்திருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம், அதே பேக். நோட்டை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.