கடல் கடக்கும் பந்தய பைக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் நாங்கள் அடுத்த ஆண்டு மெல்பர்னில் குடியேற இருக்கிறோம். என்னிடம் ஒரு ட்ரயல்ஸ் பைக்கும் (பாறை, மேடுகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் போட்டிக்கானது), பதினான்கு வயது மகனிடம் 85 சிசி மோட்டோகிராஸ் பைக்கும் (மண் தடத்தில் வேகப் பந்தயத்துக்கானது) உள்ளன. வீட்டுச் சாமான்களோடு கன்டெய்னரில் ஏற்றிவிட்டால் கேள்வி கேட்பார் இல்லை என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா? கொண்டுபோவது பயன் தருமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: ஒரே கன்டெய்னரில் ஏற்றுவதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் கட்டிலும் பீரோவும் பெறும் சலுகை பைக்குக்குக் கிடைக்காது. பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களை ஆஸ்திரேலியச் சுங்கத்துறை வரியின்றி அனுமதிக்கிறது. மோட்டார் வாகனங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பைக்கின் மதிப்போடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் கூட்டி அதன்மேல் 10 சதவீத ஜிஎஸ்டி கணக்கிடப்படும். மதிப்பு 1,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் முறையான இறக்குமதி அறிவிப்பும் தாக்கல் செய்யவேண்டும். சாமான் பட்டியலில் "விளையாட்டுப் பொருள்கள்" என்று எழுதி மறைத்துவிடலாம் என்ற எண்ணம் நண்பருக்கு இருந்தால், அந்த யோசனையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது அனுமதி. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாலை வாகனத் தரச் சட்டத்தின்படி, சாலை வாகனம் எதையும் முன்கூட்டியே அனுமதி பெறாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர முடியாது. பந்தயத் தடத்தில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மோட்டோகிராஸ் பைக் சாலை வாகனம் ஆகாது என்பதால், உங்கள் மகனின் பைக்குக்கு இதில் சிக்கல் வராது. உங்கள் ட்ரயல்ஸ் பைக் அப்படியா என்பதைப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் ட்ரயல்ஸ் போட்டிகள் பல இடங்களில் பொதுச்சாலையைக் கடந்து செல்வதால், ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல் போன்றவற்றில் கலந்துகொள்பவர்கள் சின்ன விளக்கும் எண் பலகையும் பொருத்திப் பதிவு செய்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படிப்பட்டதென்றால், துறைமுகத்தில் அதைப் பார்க்கும் அதிகாரி இதைச் சாலை வாகனம் என்று கருத இடமுண்டு. எனவே, "ரோவர்" எனப்படும் அரசின் இணையவழி விண்ணப்பத் தளத்தின் மூலம் எழுத்துமூலமான விளக்கத்தை முதலில் பெற்றுக்கொண்டு, அது கைக்கு வந்த பிறகே கப்பலில் இடம் பதிவு செய்யுங்கள். பைக் முதலில் போய்ச் சேர்ந்து காகிதம் பின்னால் வந்தால், கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பதிவு செய்த பைக்காக இருந்தால், பதிவு ஆவணத்தில் நிரந்தர ஏற்றுமதிக்கான பகுதியை நிரப்பி, பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அனுப்பிவிட்டு, மீதியை உங்களோடு எடுத்துச் செல்லவேண்டும். மகனின் பைக்குக்குப் பதிவே இருந்திராது. அது உங்களுடையதுதான் என்பதற்கு வாங்கிய ரசீது ஒன்றே சான்று. அதில் சேசிஸ் எண் குறிப்பிடப்படவில்லை என்றால், விற்ற கடைக்காரரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மண்ணைத்தான். அயல்நாட்டு மண், விதை, காய்ந்த புல், பூச்சி எதுவும் உள்ளே நுழையக்கூடாது என்பதில் ஆஸ்திரேலியா காட்டும் கண்டிப்புக்கு ஈடாகச் சொல்ல அதிக நாடுகள் இல்லை. சேற்றில் புரள்வதற்கென்றே பிறந்த வண்டியை அங்கே கொண்டுபோகிறீர்கள். சோதனையில் மண் கண்டுபிடிக்கப்பட்டால், உங்கள் செலவில் அவர்களே கழுவுவார்கள். கழுவித் தீராது என்று முடிவானால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரும். வழக்கமாகப் போட்டி முடிந்ததும் பிரஷர் வாஷரால் அடிக்கும் கழுவல் இதற்குப் போதாது. இன்ஜினுக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்றினால் ஒரு பருவத்துச் சேறு அங்கே செங்கல்லாகிக் கிடப்பதைக் காண்பீர்கள். சங்கிலிப் பற்சக்கரத்தின் மூடிக்குள்ளும், ரேடியேட்டர் இதழ்களிலும், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகளிலும், ஸ்போக் கம்பிகள் ரிம்மில் சேரும் இடத்திலும், கால்மிதியின் பற்களிலும் பழைய பல்துலக்கியும் வெளிச்சமும் கொண்டு தேடுங்கள். இருக்கை, பெட்ரோல் டேங்க், பிளாஸ்டிக் உறைகள் அனைத்தையும் கழற்றித்தான் கழுவவேண்டும். டயர்கள் தேய்ந்தவை என்றால், கழுவுவதைவிடப் புதியவற்றைப் போட்டுவிடுவது மலிவு. பூட்ஸின் அடிப்பகுதியை மறந்துவிடாதீர்கள். பைக் பளபளக்க, பூட்ஸால் பெட்டி மாட்டிக்கொண்ட கதைகள் உண்டு.

பூச்சியைப் பற்றியும் ஒரு சொல். செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கப்பலேறும் வாகனங்களுக்கு, நாற்றப்பூச்சி ஒன்றின் காரணமாக, பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வந்தால் புகையூட்டலோ வெப்பச் சிகிச்சையோ கட்டாயம். பட்டியல் பருவந்தோறும் புதுப்பிக்கப்படுவதால், உங்கள் முகவரிடம் அந்த ஆண்டின் நிலையைக் கேளுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் அனுப்ப முடிந்தால் இந்தக் கவலையே எழாது.

பெட்டியைப் பொறுத்தவரை, பகிர்வு கன்டெய்னரில் கட்டணம் கனமீட்டர் அல்லது டன், எது கூடுதலோ அதன்படி வாங்கப்படும். ட்ரயல்ஸ் பைக்கின் எடை 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், நீங்கள் செலுத்துவது எடைக்காக அல்ல, அது அடைத்துக்கொள்ளும் வெற்றிடத்துக்காக. முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி, முன் அச்சைப் பெட்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தினால் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கனமீட்டருக்குள் அடங்கும். வேனில் ஏற்றும்போது செய்வதுபோல முன் ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பட்டை கட்டி இரண்டு மாதம் விட்டுவிடாதீர்கள், சீல்கள் கசியத் தொடங்கும். பலகை அடிக்கும் மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கவேண்டும். அதாவது மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது அதற்கீடான சிகிச்சை பெற்றிருக்கவேண்டும். ஒட்டுப்பலகைக்கு இந்த முத்திரை தேவையில்லை.

காப்பீட்டில், சொந்தமாகக் கட்டிய பெட்டிக்குள் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. இருந்தாலும் காப்பீடு இல்லாமல் அனுப்பவேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சிக்கியபோது, கப்பலை மீட்ட செலவில் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கு தரவேண்டும் என்ற பழைய கடல் வணிக மரபு நடைமுறைக்கு வந்தது. தம் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாதவர்களும் அதற்கு உட்பட்டவர்களே.

பயன் தருமா என்றால், மகனின் பைக்கை விற்றுவிடுங்கள். மோட்டோகிராஸ் இன்ஜினின் ஆயுள் கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பிஸ்டன் மாற்றும் நேரம் நெருங்கிய வண்டிக்குக் கப்பல் கட்டணமும் வரியும் கட்டுவது வீண். தவிரவும் பதினான்கு வயதுப் பையன் வளரும் வேகத்துக்கு, பெட்டியைத் திறக்கும் நாளில் அவன் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். உங்கள் ட்ரயல்ஸ் பைக் அப்படியல்ல. கால்மிதியும் கிளட்சும் உங்கள் உடம்புக்குப் பழகியிருக்கும், நல்ல நிலையில் இருந்தால் கொண்டுபோகலாம்.

கேள்வி: என்னிடம் 1970களைச் சேர்ந்த பல்டாகோ ஷெர்பா என்ற ட்ரயல்ஸ் பைக் உள்ளது. பிரிஸ்பேனுக்குக் கொண்டுசெல்ல எண்ணுகிறேன். பழைய வண்டிக்குத் தனி விதி உண்டா?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: உங்கள் வண்டிக்கு மண்ணோடு கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்ந்துகொள்கிறது. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரை முற்றிலும் தடைசெய்துள்ளது. எத்தனை சிறிய அளவிலும் அது இறக்குமதியாகக் கூடாது. அக்காலத்து டிரம் பிரேக் ஷூ, கிளட்ச் தகடு, இன்ஜின் கேஸ்கெட் ஆகியவற்றில் அது இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். இருக்காது என்று நீங்கள் சொல்வது சான்றாகாது. கல்நார் அற்றவை என்று உற்பத்தியாளர் உறுதிசெய்த புதிய பாகங்களை இங்கேயே ஒரு பட்டறையில் மாற்றி, ரசீதையும் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாத பாகங்களின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். பழைய ஷூவை நீங்களே உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், அந்தத் தூசுதான் நுரையீரலுக்குப் பகை.

கேள்வி: மிச்சமிருக்கும் பெட்ரோல் கேனையும் செயின் ஸ்ப்ரேயையும் பெட்டியிலேயே வைத்துவிடலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கூடாது. பெட்ரோல் வாகனமே கப்பல் விதிகளில் யுஎன் 3166 என்ற எண்ணில் ஆபத்தான சரக்காகப் பட்டியலிடப்பட்டது. டேங்கும் கார்புரேட்டரும் வடிக்கப்பட்டு, பேட்டரி முனைகள் ஷார்ட் ஆகாதபடி மூடப்பட்டால்தான் விதிவிலக்கு கிடைக்கும். கேனையும் ஸ்ப்ரேயையும் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.